தைத்துச் சேர்த்த டிக்கெட்டுப் புத்தகம்

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. தக்கலைக்காரர்கள் ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ்ஸில் ஏறி ஒருபக்கம் திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் மறுபக்கம் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். நாற்பது வயதுவரை நான் ரயிலில் ஏறியது ஐந்து தடவையோ ஆறு தடவையோதான். அப்படிப்பட்ட நான் ஐரோப்பாவில் இரண்டு தேசத்து ரயில்களுக்கு ஆறு மாதம் முன்னாலேயே டிக்கெட் வாங்கி வைத்துக்கொண்டு, எல்லாம் என் விரல் நுனியில் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த விரல் நுனி செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது நடந்து ஐந்து வருஷத்துக்கு மேலாகிறது. என்னோடு வந்தவள் என் மைனி தங்கப்பூ, காலஞ்சென்ற என் அண்ணனின் மனைவி. மைனி வேதப்புத்தகத்தைத் தவிர வேறு அச்செழுத்து எதையும் வாசிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

மைனிக்கு ஒரே மகள், எஸ்தர். இங்கிலாந்துக்கு நர்ஸ் படிப்புக்குப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. படிப்பு முடிந்ததும் ஊருக்கு வருவாள் என்று இருந்தோம். வந்தது கடிதம். ஆப்பிரிக்காவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஐந்து வருஷத்துக்கு வேலை, கையெழுத்துப் போட்டாயிற்று, நேரே அங்கே போக வேண்டும், நடுவில் நாலே நாள் ஓய்வு என்று எழுதியிருந்தாள். நாலு நாளில் இங்கே வந்து திரும்ப முடியாது. மைனி கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "அவ வர முடியாதுன்னா நாம போவோம் லீதியா" என்றாள். களியக்காவிளைச் சந்தைக்குப் போவதுபோலச் சொன்னாள்.

அருமனையில் இருந்த தென்னந்தோப்பை மூன்று வருஷத்துக்குப் பாட்டக் குத்தகையாக விட்டாள். அந்தப் பணத்தில்தான் எல்லாம். எஸ்தர் லண்டனிலிருந்து வர, நாங்கள் இத்தாலியில் கப்பல் இறங்கிப் போக, நடுவில் சுவிட்சர்லாந்தில் லோசான் என்ற ஊரில் சந்திப்பது என்று கடிதத்தில் முடிவாயிற்று. அங்கே ஒரு பெரிய ஏரி இருக்கிறது, காற்று நல்லது, ஐரோப்பாவில் விடுமுறைக்குப் போகிறவர்கள் அங்கேதான் போவார்கள் என்று எஸ்தர் எழுதினாள். நாலு நாள் முடிந்தால் அவள் மார்செய்ல்ஸுக்குப் போய் ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறுவாள். அந்த நாலு நாளைத் தவறவிட்டால் மைனி மகளைப் பார்க்க இன்னும் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும். மைனிக்கு அப்போதே ஐம்பத்தாறு வயது.

ரயில் டிக்கெட்டுகளைக் கொழும்பிலுள்ள ஒரு பயண ஏஜெண்டிடம் எழுதி முன்கூட்டியே வாங்கினேன். பச்சை அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகம் வந்தது. உள்ளே பன்னிரண்டு கூப்பன்கள். இருவருக்கும் போக ஆறு, வர ஆறு. நாலு பாஷையில் அச்சடித்து, நூலால் தைத்திருந்தது. ஏஜெண்டு தக்கலை என்பதைத் தப்பாக எழுதியிருந்தான். அதைத் திருத்தி ஒரு கடிதம் போட்டேன். அந்த நேரத்தில் கூப்பனின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை வாசித்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். கேள்வியை முழுதும் வாசிக்காமல் விடை எழுதாதே என்று இருபது வருஷமாகப் பிள்ளைகளின் தலையில் குட்டுகிறவள் நான்.

எங்கள் வீட்டில் சம்பளம் வந்த அன்றே அதைக் கவர் கவராகப் பிரித்துவிடுவோம். சபைக்காணிக்கை நாலு ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு கவர், அரிசிக்கு ஒரு கவர், பாலுக்கு ஒரு கவர். கவரில் இல்லாத பணம் கையில் இருக்காது. மிஷன் பள்ளிக்கூடத்துச் சம்பளத்தில் கடன் இல்லாமல் வாழ இதுதான் வழி என்று எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளுக்குத் தெரியும். கப்பல் இத்தாலியில் ஜெனோவாத் துறைமுகத்தை நெருங்கியபோது நான் அதையே செய்தேன். ஒரு நாளைக்கு ஒரு கவர். மேலே ஆங்கிலத்தில் கிழமையும் ஊரும் எழுதி, உள்ளே அந்த நாள் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் உள்ள பணத்தை வைத்தேன். கூடவே அந்த நாளுக்குரிய கூப்பன்களையும் புத்தகத்திலிருந்து அழகாகக் கிழித்து எடுத்து வைத்து, எந்தக் கூப்பன் என்று கவரின் மேல் குறித்தேன். வேலை முடிந்ததும் எனக்கே என்னை மெச்சத் தோன்றியது. ஓரத்துண்டுகள் மட்டும் மிஞ்சிய பச்சை அட்டையைக் கடலில் போடப் போனேன்.

"அதக் களையாத, இங்க தா" என்றாள் மைனி. சிறுவயதில் லேஸ் பின்னிப் பிழைத்தவள். ஊசியும் நூலும் இல்லாமல் எங்கும் போகமாட்டாள். ஊசி குத்தி வைக்கக் கெட்டி அட்டை வேண்டுமாம். குப்பை பொறுக்குகிறீர்கள் என்று சொல்லிக் கொடுத்தேன்.

ஜெனோவாவில் ஒரு இரவு. தங்கிய விடுதியில் சாப்பாட்டுக்கு மாவினால் செய்த நீளநீளமான நூல் ஒன்று வந்தது. இடியாப்பத்தை நறுக்க மறந்துவிட்டார்கள் என்று மைனி சொன்னாள். அதை முள்கரண்டியில் சுற்றத் தெரியாமல் நான் சட்டையில் தக்காளிச் சாற்றைக் கொட்டிக்கொண்டேன். மைனி கையால் எடுத்துச் சாப்பிட்டாள், ஒரு துளி சிந்தவில்லை. காப்பி அரைச் சிரட்டை அளவுகூட இல்லாத கோப்பையில் வந்தது, கஷாயம்போல இருந்தது. அன்றைக்கு எழுதிய கவரில் கொஞ்சம் சில்லறை மிச்சம். நான் சந்தோஷமாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை மிலானுக்கு ரயில். மூன்றாம் வகுப்பு, மரப்பலகை இருக்கை. அங்கே ரயில் சொன்ன நிமிஷத்தில் கிளம்புகிறது. நம் பஸ் கண்டக்டர் வில்லுக்குறியில் யாரோ கையைக் காட்டினால், அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து ஏறும்வரை நிறுத்துவான். மிலானில் இறங்கும்போது நெரிசல். வாசலில் நின்ற கிழவர் எங்கள் இரண்டு கூப்பனையும் பார்க்காமலே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பார்த்திருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும்.

அடுத்த ரயிலில் எதிரே ஒரு அம்மாள் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அண்ணன். அவர் பதினைந்து வருஷம் அமெரிக்காவில் சுரங்க வேலை செய்து திரும்பியவர், ஒருமாதிரி ஆங்கிலம் பேசினார். மைனி தகரப்பெட்டியைத் திறந்து இருவருக்கும் அச்சுமுறுக்குக் கொடுத்தாள். அது எஸ்தருக்காகச் செய்தது, முந்திரிக்கொத்தும் இருந்தது. முந்திரிக்கொத்தை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. அதை மகள்தான் முதலில் தின்ன வேண்டுமாம்.

அப்போதுதான் டிக்கெட் பரிசோதகர் வந்தார். கவரிலிருந்து கூப்பனை எடுத்துக் கம்பீரமாக நீட்டினேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புத்தகம் எங்கே என்று கையால் காட்டிக் கேட்டார். நான் மற்றக் கவர்களையும் காட்டினேன். அவர் தலையை ஆட்டி ஏதோ நீளமாகச் சொன்னார். அமெரிக்காக்காரர் அதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: "உங்கள் டிக்கெட் புத்தகத்தில் இருந்தால்தான் டிக்கெட். அவர் கையால்தான் கிழிக்க வேண்டும். நீங்களே கிழித்தால் அது வெறும் காகிதம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடியிலிருந்த பொடி எழுத்தை வாசித்தேன். ஆங்கிலத்தில் தெளிவாகவே இருந்தது. புத்தகத்திலிருந்து பிரித்தால் செல்லாது. தக்கலை பஸ்ஸில் டிக்கெட் தொலைந்துவிட்டது என்று நான் சொன்னால், டீச்சரிடமா கேட்பது என்று கண்டக்டர் வெட்கப்படுவான். இங்கே நான் யார்?

மைனி பரிசோதகருக்கும் ஒரு அச்சுமுறுக்கு நீட்டினாள். அவர் லஞ்சம் என்று நினைத்து இரண்டடி பின்னால் போனார். "மைனி, கொஞ்சம் சும்மா இருங்க" என்று எரிந்து விழுந்தேன்.

எல்லை ஸ்டேஷன் தோமோதோசோலா. அங்கே எங்களை இறக்கி ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ரயில் மலைக்குள் போயிற்று, நாங்கள் பெட்டிகளோடு பிளாட்பாரத்தில் நின்றோம். பாவம், அமெரிக்காக்காரரும் எங்களோடு இறங்கி நின்றார். அவர் ஊர் பக்கத்துப் பள்ளத்தாக்குதானாம். கோழிக்கூடையை வைத்துக்கொண்டு தங்கையும் நின்றாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் பெரிய மீசைக்காரர், கோபக்காரர் இல்லை. ஆனால் சட்டம் சட்டம்தான். மிலானிலிருந்து வந்த தூரத்துக்குக் கட்டணமும் அபராதமும் கட்ட வேண்டும், லோசானுக்குப் புது டிக்கெட்டும் வாங்க வேண்டும் என்றார். கவர்களையெல்லாம் பிரித்துக் கொட்டி எண்ணினேன். அபராதம் போக ஒரு ஆளுக்கு டிக்கெட் வாங்கலாம், இரண்டாவது ஆளுக்கு இல்லை. மீதிப் பணம் லோசான் பாங்கியில் மட்டுமே மாற்றக்கூடிய சீட்டாக இருந்தது. திருட்டுப் போகாமலிருக்க நான் செய்த புத்திசாலித்தனமான ஏற்பாடு அது. அன்றைக்கு இன்னும் ஒரே ஒரு ரயில்தான் லோசானுக்கு, பிற்பகல் மூன்று மணிக்கு.

மைனியைத் தனியாக ஏற்றி விடலாமா என்று யோசித்தேன். அவளுக்குத் தமிழும் கொஞ்சம் மலையாளமும் தவிர ஒரு வார்த்தை தெரியாது. லோசான் என்ற பெயரையே லோசனம் என்றுதான் சொல்வாள். எங்காவது இறங்கித் தொலைந்து போவாள். ஏற்றாவிட்டால் எஸ்தர் அங்கே காத்து நிற்பாள். நாலு நாளில் ஒரு நாள் போகும். நாளைக்கும் பணம் வந்துவிடாது, அப்போது இரண்டாவது நாளும் போகும். தோப்புப் பணமும் போயிற்று, மகளையும் பார்க்கவில்லை என்று மைனி ஊருக்குத் திரும்ப வேண்டிவரும். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் நான் அழமாட்டேன், யாரையாவது திட்டுவேன். பக்கத்தில் மைனி இருந்தாள். பெட்டி கனம், நடை மெதுவு, மிலானில் நீங்கள் தண்ணீர் குடிக்க நின்றதால்தான் அந்த ரயில்பெட்டியில் ஏற வேண்டியதாயிற்று, வேறு பெட்டியில் ஏறியிருந்தால் வேறு பரிசோதகர் வந்திருப்பார் என்று என்னென்னவோ சொன்னேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன்.

மைனி பெஞ்சில் உட்கார்ந்து தகரப்பெட்டியைத் திறந்தாள். இந்த நேரத்தில் பசியா என்று அதற்கும் கத்தினேன். அவள் அச்சுமுறுக்குக்கு அடியில் கையை விட்டுப் பச்சை அட்டையை எடுத்தாள். ஊசி நாலைந்து குத்தியிருந்தது, நூல்கண்டு தொங்கியது. அட்டைக்குள் கூப்பன்களைக் கிழித்த ஓரத்துண்டுகள் வரிசையாக இருந்தன.

"ஒரு கடுதாசி தா" என்றாள். கொடுத்தேன். அந்தக் கூப்பனை அட்டையின் கிழிந்த ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. அடுத்த துண்டில் வைத்தாள், பொருந்தியது. கிழிசலின் ஒவ்வொரு பல்லும் எதிர்ப்பல்லில் போய் உட்கார்ந்தது. துண்டிலிருந்த எண்ணும் கூப்பனிலிருந்த எண்ணும் ஒன்றாகவே இருந்தன. மைனி அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. அவள் கிழிசலைத்தான் பார்த்தாள்.

"பேசாம இரி லீதியா. கிழிஞ்சது துணின்னா தைக்கமாட்டோமா? இது தடிச்ச காயிதம், தையல் நிக்கும். அவருட்ட கேளு, நாங்க தச்சுத் தந்தா பொஸ்தவம்னு ஒத்துக்கிடுவாரான்னு."

எனக்குக் கேட்கவே கூச்சமாக இருந்தது. அமெரிக்காக்காரர் கேட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் முதலில் சிரித்தார். பிறகு அட்டையை வாங்கிக் கூப்பனைத் தானே பொருத்திப் பார்த்தார், எண்ணை ஒவ்வொன்றாகச் சரி பார்த்தார். உள்ளே போய் ஒரு தடித்த விதிப்புத்தகத்தைப் புரட்டினார். வெளியே வந்து, கிழித்தது செல்லாது என்றுதான் இதில் இருக்கிறது, தைத்ததைப் பற்றி ஒன்றும் இல்லை, புத்தகமாகக் கொண்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்.

பத்துக் கூப்பன். மைனி பெஞ்சில் சப்பணமிட்டு உட்கார்ந்து தைத்தாள். எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வரவில்லை. கோழிக்காரத் தங்கைதான் கோத்துக் கொடுத்தாள். ரயிலுக்கு நின்ற பெண்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒருத்தி மைனியின் தையலை விரலால் தொட்டுப் பார்த்துத் தன் பின்னலாடையின் ஓரத்தைக் காட்டினாள். மைனி அதைத் திருப்பிப் பார்த்து, முடிச்சு கொஞ்சம் பெரிசு என்று தமிழில் குறை சொன்னாள். அந்தப் பெண் சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

தைத்து முடித்தபோது புத்தகம் புத்தகமாகவே இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ஒவ்வொரு தையலின் மேலும் பாதி துண்டிலும் பாதி கூப்பனிலும் படும்படி முத்திரை குத்தினார். அபராதம் இல்லை என்றார். மைனி இந்தத் தடவை முந்திரிக்கொத்தே எடுத்துக் கொடுத்தாள். மகளுக்கு வைத்ததாச்சே என்று கேட்டேன். இவரு இல்லாட்டி மக ஏது என்றாள். மீசைக்காரர் அதைக் கடிக்க முடியாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு எங்களுக்குக் கொடியசைத்தார்.

அப்பாடா என்று ரயிலில் சாய்ந்தேன். மலைக்குள் குகைப்பாதை நீண்டுகொண்டே போயிற்று. எவ்வளவு வேண்டுமானாலும் நீளட்டும் என்றுதான் எனக்கு இருந்தது. சுவிஸ் கண்டக்டர் வந்தார். கூப்பனைக் கிழிக்கப் பார்த்தார். மைனியின் தையல் விடவில்லை. இழுத்துப் பார்த்துவிட்டு மைனியிடமே கத்தரிக்கோல் வாங்கி வெட்டினார். போகும்போது தொப்பியைத் தொட்டு மைனிக்கு ஒரு வணக்கம் போட்டார். எனக்குப் போடவில்லை.

லோசானில் இறங்கும்போது சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. எஸ்தர் மதிய ரயிலுக்கு வந்து, எங்களைக் காணாமல், அங்கேயே நின்றிருக்கிறாள். முகம் வெளுத்திருந்தது. நாலு வருஷத்தில் மெலிந்து, உயர்ந்து, வேறு யாரோபோல இருந்தாள். மைனி ஓடவில்லை, அழவில்லை. பெட்டியைக் கீழே வைத்துத் திறந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து அவள் வாயில் வைத்தாள். எஸ்தர்தான் அழுதாள், வாய் நிறைய வைத்துக்கொண்டு.

விடுதியில் சூப்புக் குடிக்கும்போது, ஏன் பிந்தியது என்று எஸ்தர் கேட்டாள். நான் கரண்டியை வைத்துவிட்டுத் தொண்டையைச் சரிசெய்தேன். அதற்குள் மைனி சொல்லிவிட்டாள். ஊசி குத்த அட்டை வேண்டுமென்று தான்தான் டிக்கெட்டையெல்லாம் கிழித்துவிட்டாளாம், லீதியா பார்க்கவில்லையாம். எஸ்தருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அத்தைட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்பிடாதா? நான் இங்க செத்துப் பொழச்சேன். இனி எதுவானாலும் அத்தை சொல்றபடி கேளுங்கம்மா."

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கடியில் மைனி என் காலை ஓங்கி மிதித்தாள்.

அறைக்கு வந்ததும் மைனியைப் பிடித்துக்கொண்டேன். எதற்காக இந்தப் பொய், ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவள் பேசுகிற பேச்சா இது என்று கேட்டேன். மைனி புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அஞ்சு வருசம் அவ என்னை உன் கையிலதான விட்டுட்டுப் போறா. உன் கையி தப்பு செய்யும்னு அவளுக்குத் தெரியாண்டாம். தெரிஞ்சா அங்க அவளுக்கு உறக்கம் வராது, கேட்டியா."

பிளாட்பாரத்தில் நான் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். எப்பத் திட்டின என்று கேட்டாள்.

அந்த நாலு நாளும் கண்மூடித் திறப்பதற்குள் போயிற்று. கவரில் எழுதியபடி ஒரு செலவும் நடக்கவில்லை. படகுக்கு வைத்த பணத்தில் எஸ்தருக்குக் கம்பளிக் காலுறை வாங்கினோம். சாப்பாட்டுக்கு வைத்ததில் படகு போனோம். அங்கே பாலாடைக்கட்டியை உருக்கி ஒரே சட்டியில் எல்லோரும் ரொட்டியைத் தோய்த்துத் தின்கிறார்கள். மைனி விடுதிக்காரியிடம் சைகையாலேயே அடுக்களையைக் கேட்டு வாங்கி, ஏரி மீனில் ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகையும் மல்லியையும் போட்டுக் குழம்பு வைத்தாள். தேங்காய் இல்லை, புளி எங்கள் புளி. எஸ்தர் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். விடுதிக்காரி கண்ணில் தண்ணீர் வரவர இரண்டாம் தடவை வாங்கினாள்.

ஐந்தாம் நாள் காலை எஸ்தரின் ரயில். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, உங்கள நம்பித்தான் போறேன், அம்மாவப் பாத்துக்கிடுங்க" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சொல்லும்போது மைனியை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் ரயில். தையல் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டு, நல்லபடியாகக் கப்பலுக்கு வந்து சேர்ந்தோம்.

சொன்ன வாக்கு பெரிய வாக்கு. இந்த ஐந்து வருஷமும் பொடி எழுத்தில் எது வந்தாலும் கண்ணாடி போட்டு முழுதும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். மைனிக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்துப் புட்டியில் ஒட்டியிருந்த சீட்டைக்கூட மூன்று தடவை வாசித்தேன். போன மாதம் எஸ்தர் வந்துவிட்டாள். பெட்டியோடு அவள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என் தலையிலிருந்து ஒரு சுமையை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது.

இனி மறைக்க வேண்டியதில்லை என்று இதை எழுதி, நேற்று மத்தியானம் முதலில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரித்தாள். கவரெல்லாம் விடுதி மேசையில்தானே கிடந்தது, ஒவ்வொன்றிலும் உங்கள் ஆங்கிலக் கையெழுத்து, உள்ளே எந்தக் கூப்பன் என்பதுகூட எழுதியிருந்தது, அம்மாவுக்கு ஆங்கிலம் எழுதத் தெரியுமா என்று கேட்டாள்.

"பின்னே எதுக்குட்டி அன்னிக்கு அம்மாவத் திட்டின?" என்றேன்.

"நான் நம்பிட்டேன்னு நெனச்சாத்தான அம்மா நிம்மதியா ஊருக்குப் போவாங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவுங்கட்ட சொல்லாண்டாம் அத்தை" என்றாள்.

அடுக்களையிலிருந்து மைனி, அங்கே என்ன சிரிப்பு என்று கேட்டாள். லோசான் போனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம், அந்த டிக்கெட்டுப் புத்தகம் நினைவிருக்கிறதா என்று நான் கேட்டேன்.

"நெனவில்லாம? நான்தான அதக் கிழிச்சேன்" என்றாள் மைனி.

"ஆமா, நீங்கதான் கிழிச்சீங்க" என்றோம் நாங்கள் இரண்டு பேரும்.